அடைமொழியும் ஆட்ட உரிமமும்

முன்னுரை

சொல்லை ஆராய்வது புலவர் தொழில் என்றும், உரிமப் பத்திரத்தை ஆராய்வது வழக்கறிஞர் தொழில் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கின்றோம். இப்பிரிவினை எல்லா இடத்தும் நிலைபெறுவதில்லை. 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்க நாட்டின் விளையாட்டுப் பதிப்புத் துறை ஒன்று, ஓர் உரிமப் பத்திரத்தில் இடம்பெற்ற அடைமொழி ஒன்றன் பொருள் யாது என்னும் வினாவால் நிலைகுலைந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்பத்திரத்தை நம்பி நூல் எழுதியோர், ஓவியம் வரைந்தோர், அச்சிட்டோர், விற்றோர் ஆகிய அனைவருடைய பிழைப்பும் அவ்வொரு சொல்லைச் சார்ந்து நின்றது.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு ஆட்டங்களின் விதிநூல்கள், அவற்றுக்கு வழங்கப்பெற்ற திறந்த உரிமம், அவ்வுரிமத்தை நம்பி எழுந்த பிற பதிப்பகங்கள் ஆகியவற்றின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அப்பூசலுக்குக் காரணமான சொல்லை நம் இலக்கண மரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாத்திரமேற்பு ஆட்டம்

இவ்வகை ஆட்டம் நம்மவருள் பலர்க்குப் புதிதாகலின் முதற்கண் அதன் இயல்பைக் காண்போம். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர்; கதை நிகழும் உலகையும், அங்கு நேரும் இடர்களையும் அவரே எடுத்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் யாது செய்வார், யாது பேசுவார் என்பதைத் தாமே முடிவு செய்து கூறுவர். செய்யத் துணிந்த செயல் வெற்றி பெறுமா, தோல்வியுறுமா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வர். எழுதி வைத்த உரையாடல் இல்லை. முன்னரே அமைந்த முடிவும் இல்லை. ஆடுவோர் அனைவரும் கூடிப் புனையும் வாய்மொழிக் கதை என்று இதனைக் கூறலாம்.

இத்துறையின் முதல் நூலாகக் கருதப்பெறுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் ஆக்கிய இவ்வாட்டத்தை, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில் தோன்றிய டி.எஸ்.ஆர். என்னும் நிறுவனம் 1974ஆம் ஆண்டு வெளியிட்டது. மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக அது வெளிவந்தது. முதற்பதிப்பு ஆயிரம் படிகளே.

இவ்வாட்டத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. சதுரங்கம் வாங்கியவர்க்குப் பலகையும் காய்களும் போதும். பாத்திரமேற்பு ஆட்டம் ஆடுவோர்க்கோ ஒவ்வொரு வாரமும் புதிய கதை வேண்டும். புதிய ஊர், புதிய பகைவர், புதிய விலங்கு வேண்டும். இத்தேவையை ஒரே நிறுவனம் நிறைவு செய்தல் அரிது. ஆகவே மூல விதிநூலை வெளியிட்டவர் ஒருவராகவும், அதற்கேற்ற கதைநூல்களையும் துணைநூல்களையும் எழுதி வெளியிடுவோர் வேறொருவராகவும் அமையும் நிலை இத்துறையில் இயல்பாகவே தோன்றியது. இவ்வாறு துணைநூல் வெளியிடும் பிறரையே மூன்றாம் தரப்புப் பதிப்பகத்தார் என்பர்.

விதியும் விதிநூலும்

ஒருவர் ஆக்கிய ஆட்டத்திற்கு மற்றொருவர் துணைநூல் எழுதலாமா என்னும் வினா இங்கு எழுகின்றது. இதற்கு விடை காண, விதி வேறு, விதியை உரைக்கும் நூல் வேறு என்னும் வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்கும் செயல்முறைக்கும் காப்பு அளிப்பதில்லை. அவற்றை ஒருவர் எடுத்துரைத்த சொற்கோவைக்கே காப்பு அளிக்கின்றது. இக்கொள்கைக்கு அடிப்படையாக அமைந்தது, 1879ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பேக்கர் – செல்டன் வழக்காகும். கணக்கெழுதும் முறை ஒன்றை விளக்கி நூல் எழுதியவர்க்கு அந்நூலில் உரிமை உண்டே அன்றி, அக்கணக்கு முறையில் தனியுரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆட்ட விதிகளுக்கும் இது பொருந்தும். இருபது முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணோடு வீரனின் ஆற்றலைக் கூட்டிப் பார்த்தல் என்னும் முறை எவர்க்கும் தனியுடைமை ஆகாது. அதனை விளக்கும் பத்தியும், அதற்கென வரைந்த ஓவியமும், புனைந்த பெயர்களும் உடைமையாகும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு நடைமுறையில் எளிதன்று. பாத்திரமேற்பு ஆட்டத்தில் விதியும் கதையும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பூதத்தின் வலிமையைக் குறிக்கும் எண் விதியா? அப்பூதத்தின் பெயரும் தோற்றமும் புனைவா? இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு எங்குள்ளது? இதனை முடிவு செய்ய நீதிமன்றம் செல்லல் வேண்டும். நீதிமன்றம் செல்லச் செல்வம் வேண்டும். சட்டம் துணை நின்றாலும் வழக்கின் செலவைத் தாங்க இயலாத சிறு பதிப்பகத்தார்க்கு அச்சமே மிஞ்சியது.

மூல நிறுவனமும் இவ்வச்சத்திற்கு விலக்கன்று. தொடக்கத்தில் அந்நூலில் 'ஹாபிட்' என்னும் குறுமாந்தர் இடம்பெற்றிருந்தனர். டோல்கியன் புதினங்களின் உரிமை பெற்றிருந்தோர் மறுப்புத் தெரிவித்தமையால் அப்பெயர் நீக்கப்பெற்று, 'ஹாஃப்லிங்' என்னும் பெயர் இடப்பெற்றது. பிறர் படைப்பில் கடன் கொண்டே தன் உலகைப் படைத்த நிறுவனம், பின்னாளில் தன் படைப்பைக் காப்பதில் கடுமை காட்டியது என்பது நோக்கத்தக்கது.

தொடக்கக்கால நிலை

1976ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் தோன்றிய 'ஜட்ஜஸ் கில்டு' என்னும் பதிப்பகம் டி.எஸ்.ஆர். நிறுவனத்திடம் இசைவு பெற்றுத் துணைநூல்களை வெளியிட்டது. ஒரு முழு நகரத்தையே வரைபடத்தோடு விளக்கி அது வெளியிட்ட நூல் ஆடுவோரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. எனினும் 1980களின் தொடக்கத்தில் அவ்விசைவு முடிவுக்கு வந்தது. தனித்தனியே பெறும் இசைவின் இயல்பு இதுவே: கொடுப்பவர் மனம் மாறின் அது நீங்கும்.

மற்றொரு வழியை மேற்கொண்டது 'மேஃபேர் கேம்ஸ்' என்னும் நிறுவனம். 1982ஆம் ஆண்டு முதல் அது இசைவு பெறாமலேயே, அவ்வாட்டத்தோடு பொருந்தும் நூல்கள் என அறிவித்து ஒரு நூல்வரிசையை வெளியிடலாயிற்று. இதனால் எழுந்த பூசல் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. உடன்படிக்கை மீறப்பெற்றது எனக் கூறி டி.எஸ்.ஆர். 1991ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. இறுதியில் அந்நூல்வரிசையையே டி.எஸ்.ஆர். விலைக்கு வாங்கிக்கொண்டது. இசைவு பெற்றவர்க்கும் நிலைபேறில்லை. பெறாதவர்க்கும் அமைதியில்லை என்பதே இருபத்தைந்து ஆண்டுக்கால வரலாறு காட்டும் உண்மையாகும்.

2000ஆம் ஆண்டின் திறந்த உரிமம்

கடன் சுமையால் தளர்ந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997ஆம் ஆண்டு 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்னும் நிறுவனம் வாங்கியது. இரண்டாண்டு கழித்து, 1999இல், அந்நிறுவனத்தை ஹாஸ்பரோ என்னும் பெரும் பொம்மை நிறுவனம் வாங்கியது. இச்சூழலில் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அந்நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த ரயன் டான்சி என்பவர் துறையில் எவரும் எதிர்பாராத ஒரு திட்டத்தை முன்வைத்தார்.

கணினி மென்பொருள் உலகில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட பொது உரிமம், ஆக்கியோர் இசைவைத் தனித்தனியே வேண்டாமல் எவரும் மென்பொருளைப் பயன்படுத்தவும் திருத்தவும் பரப்பவும் வழி செய்திருந்தது. அம்முறையை ஆட்டத் துறைக்குக் கொணர்தலே டான்சியின் திட்டம். இதில் ஈகை மட்டுமன்று, வணிகக் கணக்கும் இருந்தது. துணைநூல்களால் பெரிய நிறுவனத்திற்கு வரும் ஊதியம் குறைவு. மூல விதிநூலே பெருமளவில் விற்பது. துணைநூல்களைப் பிறர் எழுதட்டும். அவற்றைப் படிப்பவர் அனைவரும் மூலநூலை வாங்குவர். ஒரே விதிமுறையைப் பலர் ஆடப் பழகினால், புதிதாய் வருபவரும் அதனையே நாடுவர். தொலைபேசி வைத்திருப்போர் பெருகப் பெருக ஒவ்வொரு தொலைபேசியின் பயனும் பெருகுவது போன்றது இக்கணக்கு.

இத்திட்டத்தின்படி 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' எனப்படும் திறந்த ஆட்ட உரிமம் 2000ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றது. அதன் 1.0ஏ என்னும் பதிப்பே பின்னாளில் நிலைபெற்றது. பதினைந்து பிரிவுகளே கொண்ட சிறிய பத்திரம் அது. அதன் அமைப்பைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, நூலின் உள்ளடக்கம் இருவகையாகப் பிரிக்கப்பெற்றது. திறந்த உள்ளடக்கம் எனக் குறிக்கப்பெற்ற பகுதியை எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், விற்கலாம். தனியுடைமை எனக் குறிக்கப்பெற்ற பகுதியை எவரும் தொடலாகாது. மூலநூலின் புகழ்பெற்ற சில பூதங்கள் இவ்வாறு தனியுடைமையாக விலக்கி வைக்கப்பெற்றன.

இரண்டாவது, உரிமத்திற்கு விலையில்லை, உலகெங்கும் செல்லும், என்றென்றும் உள்ளது எனப் பத்திரம் கூறிற்று.

மூன்றாவது, எடுத்தாள்பவர் தமக்கு முன் எழுதினோர் பெயர்களை எல்லாம் இறுதிப் பிரிவில் வரிசையாகக் குறித்தல் வேண்டும். இதனால் ஒவ்வொரு நூலின் இறுதிப் பக்கமும் ஒரு கொடிவழிப் பட்டியல் போல வளர்ந்தது.

நான்காவது, நிறுவனம் உரிமத்தின் திருந்திய பதிப்புகளை வெளியிடலாம். ஆயின் திறந்த உள்ளடக்கத்தைப் பயன்படுத்துவோர் அங்கீகரிக்கப்பெற்ற எந்தப் பதிப்பையும் தம் விருப்பப்படி மேற்கொள்ளலாம் என ஒன்பதாம் பிரிவு கூறிற்று. இப்பிரிவை நினைவில் இருத்துதல் வேண்டும்.

இவ்வுரிமத்தோடு, திறந்த விதிகள் மட்டும் அடங்கிய அடிப்படை விதித்தொகுப்பு ஒன்றும் வெளியிடப்பெற்றது. 'டி-20' என்னும் வணிகச் சின்னத்தைத் துணைநூல்களின் அட்டையில் பொறிப்பதற்குத் தனியே வேறோர் உரிமமும் இருந்தது.

பயனும் விளைவும்

2000ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோதே 'கிரீன் ரோனின்', 'அட்லஸ் கேம்ஸ்' ஆகிய பதிப்பகங்களின் துணைநூல்களும் உடன் வெளிவந்தன. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிறந்த நூல்கள் குவிந்தன. நல்லனவும் இருந்தன, விரைந்து அச்சேறிய அல்லனவும் இருந்தன. கடைக்காரர் எதை வாங்குவது என அறியாது திகைத்தனர். விற்காத நூல்கள் தேங்கின. பல சிறு பதிப்பகங்கள் மூடப்பெற்றன. திறந்த வாயில் அனைவரையும் உள்ளே விடுமே அன்றி, உள்ளே வந்தவர் அனைவரையும் வாழவைக்கும் எனல் இயலாது.

எதிர்பாராத வேறொரு பயனும் விளைந்தது. வழக்கொழிந்த பழைய பதிப்பின் விதிகளை விரும்புவோர், திறந்த விதித்தொகுப்பின் சொற்களைக் கொண்டே அப்பழைய ஆட்டத்தை மீட்டுருவாக்கலாம் எனக் கண்டனர். 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆஸ்ரிக்' என்னும் நூல் இதற்கு எடுத்துக்காட்டு. அச்சில் இல்லாத ஓர் ஆட்டம் உரிமத்தின் துணையால் மீண்டும் உயிர் பெற்றது.

உரிமத்தின் வலிமை 2008ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த நான்காம் பதிப்புக்கு நிறுவனம் திறந்த உரிமம் அளிக்கவில்லை. மாறாகக் கட்டுப்பாடுகள் மிகுந்த வேறோர் உரிமத்தை அளித்தது. 'பைசோ' என்னும் பதிப்பகம் அதனை ஏற்க மறுத்து, மூன்றாம் பதிப்பின் திறந்த விதிகளையே செப்பம் செய்து 'பாத்ஃபைண்டர்' என்னும் தனி ஆட்டமாக 2009ஆம் ஆண்டு வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அது விற்பனையில் மூல ஆட்டத்தை முந்தியதாக வணிக இதழ்கள் கணித்தன. ஒருமுறை கொடுத்த உரிமம் கொடுத்தவருக்கே போட்டியாளரை உருவாக்கியது. அப்போட்டியை நிறுவனம் தடுக்க முற்படவில்லை என்பதும் கருதத்தக்கது. 2014இல் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. 2016ஆம் ஆண்டு அதன் அடிப்படை விதிகள் மீண்டும் அதே 1.0ஏ உரிமத்தின்கீழ்த் திறந்து விடப்பெற்றன. பதிப்பகங்களின் நம்பிக்கை முன்னினும் உறுதிப்பட்டது.

2023ஆம் ஆண்டுப் பூசல்

2023ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், 1.1 என எண்ணிட்ட புதிய உரிமத்தின் வரைவு ஒன்று இதழ்வழி வெளிப்பட்டது. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வருவாய் ஈட்டுவோர் கணக்குக் காட்டல் வேண்டும். 7,50,000 டாலருக்கு மேற்பட்ட வருவாயில் நூற்றுக்கு 25 வரை உரிமைத்தொகை செலுத்தல் வேண்டும். ஊதியத்தில் அன்று, மொத்த வருவாயில் இப்பங்கு கோரப்பெற்றது. அச்சுக்கூலி, ஓவியர் கூலி, அஞ்சல் செலவு ஆகியன போக எஞ்சுவது மிகச் சிறிதாகலின், நூற்றுக்கு 25 என்பது எஞ்சும் அனைத்தையும் விழுங்கும் எனப் பதிப்பகத்தார் அஞ்சினர்.

இதனினும் கடுமையானவை இரண்டு. முப்பது நாள் அறிவிப்பில் நிறுவனம் உரிமத்தை மாற்றலாம் அல்லது நீக்கலாம் என வரைவு கூறிற்று. மேலும், பழைய 1.0ஏ உரிமம் இனி அங்கீகரிக்கப்பெற்ற உரிமம் அன்று எனவும் அறிவித்தது. அஃதாவது, ஒன்பதாம் பிரிவிலுள்ள 'அங்கீகரிக்கப்பெற்ற' என்னும் அடைமொழியையே பிடித்துக்கொண்டு, பழைய உரிமம் முழுவதையும் நீக்க முற்பட்டது.

அச்சேறும் நிலையில் இருந்த நூல்கள், முன்பணம் பெற்று எழுதிக்கொண்டிருந்த நூல்கள், இருபதாண்டாக விற்பனையில் இருந்த நூல்கள் ஆகிய அனைத்தின் நிலையும் ஒரே நாளில் ஐயத்துக்கு இடமாயின. ஆடுவோர் பல்லாயிரவர் எதிர்ப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டனர்; நிறுவனத்தின் கணினிவழிச் சேவைக்குச் செலுத்திவந்த சந்தாவைப் பலர் நிறுத்தினர்.

அடைமொழி ஆய்வு

இனி அச்சொல்லை ஆராய்வோம். 'அங்கீகரிக்கப்பெற்ற எந்தப் பதிப்பும்' என்னும் தொடருக்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். அங்கீகரிக்கப்பெறாத பதிப்பும் உண்டு எனப் பிரித்துக் காட்ட வந்தது அவ்வடை எனக் கொள்வது ஒன்று. நிறுவனம் முறையாக வெளியிட்ட பதிப்பு எதுவும் அங்கீகாரம் பெற்றதே. அவ்வியல்பை விளக்க வந்ததே அவ்வடை எனக் கொள்வது மற்றொன்று. முதற்பொருளின்படி, இன்று அங்கீகாரம் பெற்றதை நாளை அங்கீகாரமற்றதாக்க இடமுண்டு. இரண்டாம் பொருளின்படி, ஒருமுறை வெளியிட்டபின் நீக்க வழியில்லை.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. செந்தாமரை என்றால் வெண்டாமரை என்னும் இனம் உண்டு என்பது தானே பெறப்படும். இஃது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு ஒன்று உண்டு எனப் பொருளாகாது. இஃது இனமில்லா அடை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், இனத்தைச் சுட்டாத பண்புப்பெயர் செய்யுளுக்கு உரியதே அன்றி உலக வழக்குக்கு உரியதன்று என்றார். அவர் கருத்தின்படி, வழக்கில் ஓர் அடை வருமாயின் அதற்கு மறுதலையான இனம் ஒன்று இருத்தல் வேண்டும். நன்னூலாரோ பிற்கால வழக்கை நோக்கி, இனமுள்ள அடையும் இனமில்லா அடையும் ஆகிய இரண்டும் செய்யுள், உலக வழக்கு ஆகிய இரண்டிடத்தும் வரும் என வகுத்தார். உப்பளம் என்பதில் உப்பு என்னும் அடை, உப்பில்லாத வேறோர் அளத்தை விலக்க வந்ததன்று.

ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்திற்கு நம் நூற்பா தீர்ப்புச் சொல்லாது. அதற்கு அந்நாட்டு ஒப்பந்தச் சட்டமே அளவுகோல். எனினும் சிக்கல் எங்குள்ளது என்பதை நம் இலக்கணம் தெளிவாகக் காட்டுகின்றது. நிறுவனம் தொல்காப்பிய நெறியில் நின்று அடையை இனமுள்ளதாகக் கொண்டது. பதிப்பகத்தார் நன்னூல் நெறி தந்த இடத்தில் நின்று அதனை இனமில்லா அடையாகக் கொண்டனர். பத்திரத்தின் சொல்விளக்கப் பிரிவோ அச்சொல்லுக்கு விளக்கம் தரவில்லை.

மூலம் ஐயத்துக்கு இடமாயின் உரையை நாடுதல் நம் மரபு. இவ்வுரிமத்திற்கும் உரை இருந்தது. உரிமம் மாறினும் பழைய பதிப்பை விரும்புவோர் அதனையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என, நிறுவனமே முன்னர் வெளியிட்ட வினாவிடை விளக்கம் கூறியிருந்தது. உரிமத்தை வகுத்த டான்சியும், திரும்பப் பெறும் நோக்கம் தமக்கு இருந்ததில்லை என 2023இல் தெளிவுபடுத்தினார். ஆயினும் உரை மூலமாகாது. நூலாசிரியர் கருதியது வேறு, எழுதியது வேறாயின், எழுதியதை வைத்தே வழக்காட இடமுண்டு.

பத்திரத்தில் இல்லாத சொல் ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. 'என்றென்றும்' என்னும் சொல் அதில் உண்டு. 'திரும்பப் பெற இயலாத' என்னும் சொல் இல்லை. இவ்விரண்டும் ஒன்றெனவே பலர் நினைத்தனர். என்றென்றும் என்பது கால எல்லை இன்மையைக் குறிக்கும். கொடுத்தவர் இடையில் பறித்தலைத் தடுக்குமா என்பது வேறு வினா. 1991ஆம் ஆண்டு வெளிவந்த மென்பொருள் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பிலும் அச்சொல் இல்லை. 2007ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பிலேயே அது சேர்க்கப்பெற்றது. ஆகவே 2000ஆம் ஆண்டில் அச்சொல் விடுபட்டமை அக்கால வழக்கை ஒட்டியதே எனலாம். ஆனால் 1.1 வரைவில் அச்சொல் இடம்பெற்றிருந்தது. எங்கே எனில், பிறர் எழுதும் நூல்களை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ள அவர்கள் தரவேண்டிய உரிமையைக் கூறும் இடத்தில். தான் கொடுப்பதை முப்பது நாளில் நீக்கலாம். தான் பெறுவதோ திரும்பப் பெற இயலாதது. ஒரு சொல் எங்கு இடப்பெறுகின்றது, எங்கு விடப்பெறுகின்றது என்பதைக் கொண்டே எழுதியவரின் உள்ளத்தை அறியலாம்.

பூசலின் முடிவு

எதிர்ப்பு வலுத்தமையால் நிறுவனம் 1.2 என்னும் வேறொரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. பதினையாயிரத்திற்கு மேற்பட்டோர் விடையளித்தனர். அவருள் நூற்றுக்கு 88 பேர் அவ்வுரிமத்தின்கீழ் நூல் வெளியிட விரும்பவில்லை என்றும், 89 பேர் பழைய உரிமத்தை நீக்குவதில் நிறைவில்லை என்றும் தெரிவித்ததாக நிறுவனமே அறிவித்தது. சனவரி 27ஆம் நாள் நிறுவனம் தன் முயற்சியைக் கைவிட்டது. 1.0ஏ உரிமம் அவ்வாறே இருக்கும் என்றது. அத்துடன், நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு முழுவதையும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' அமைப்பின், ஆக்கியோர் பெயர் சுட்டும் 4.0 உரிமத்தின்கீழ் வெளியிட்டது. 2024இல் திருத்தி வெளியிட்ட விதிகளின் தொகுப்பும் 2025ஆம் ஆண்டு அவ்வுரிமத்தின்கீழேயே வெளிவந்தது.

இம்மாற்றத்தின் சிறப்பு இருவகைத்து. அவ்வுரிமத்தில் 'திரும்பப் பெற இயலாத' என்னும் சொல் வெளிப்படையாக உள்ளது. அன்றியும், அவ்வுரிமத்தை எழுதியது ஆட்ட நிறுவனம் அன்று. வணிகச் சார்பற்ற ஒரு பொது அமைப்பு. கொடுப்பவரே பத்திரத்தையும் எழுதி, பின்னர் அதனைத் திருத்தும் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் நிலை இங்கில்லை.

பைசோ பதிப்பகம் இதற்குள் வேறு வழியில் சென்றிருந்தது. எந்த ஆட்டப் பதிப்பகத்துக்கும் உடைமையாகாத புதிய உரிமம் ஒன்றை உருவாக்குவதாக சனவரி 12ஆம் நாள் அறிவித்தது. சில நாட்களிலேயே 1500க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதற்கு ஆதரவு தெரிவித்தன. 'ஆர்க்' எனச் சுருக்கமாக வழங்கும் அவ்வுரிமம் 2023 சூன் திங்களில் நிறைவு பெற்றது. அதிலும் திரும்பப் பெற இயலாமை வெளிப்படையாகக் கூறப்பெற்றது. பைசோ தன் பாத்ஃபைண்டர் நூல்களிலிருந்து பழைய உரிமத்தின் சாயல்களை நீக்கி, அவ்வாண்டு நவம்பர் முதல் மறுபதிப்பாக வெளியிடலாயிற்று.

அவ்வடைமொழியின் பொருள் எந்த நீதிமன்றத்திலும் தீர்க்கப்பெறவில்லை. நிறுவனம் பின்வாங்கியதே அன்றித் தன் பொருள்கோள் பிழை என ஒப்பவில்லை. சந்தாதாரர் சினந்தமையால் கிடைத்த வெற்றி அது. சொல்லின் உறுதியால் கிடைத்த வெற்றியன்று. சந்தாதாரர் சினம் எல்லா உரிமத்துக்கும் துணை வரும் எனல் இயலாது.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிவுகள் சில. ஆட்ட விதியில் எவர்க்கும் தனியுரிமை இல்லை என்பது சட்டம். ஆயினும் வழக்குக்கு அஞ்சும் சிறியோர்க்கு எழுத்து வடிவிலான உரிமம் ஓர் அரணாகும். அவ்வரண் கொடுத்தவர்க்கும் ஊதியம் தந்தது. பெற்றவர்க்கும் வாழ்வு தந்தது. ஆனால் அரணின் வாயிற்கதவு எவர் கையில் உள்ளது என்பதை உள்ளே குடிபுகுந்தோர் இருபதாண்டுக் காலம் ஆராயவில்லை. கொடுத்தவர் நல்லவர் என்பதால் பத்திரமும் நன்று என எண்ணினர். கொடுத்தவர் மாறினார், நிறுவனத்தின் தலைமை மாறியது, பத்திரம் மட்டும் மாறாது நின்று, அதிலிருந்த இடைவெளியைக் காட்டிக் கொடுத்தது.

இக்காலத்தில் நம் மாணவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதுகின்றனர். தம் கதைகளையும் மொழிபெயர்ப்புகளையும் மின்னூலாக வெளியிடுகின்றனர். விக்கிப்பீடியாவில் எழுதுவோர் அறிந்தோ அறியாமலோ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றை உலகோர்க்கு வழங்குகின்றனர். ஆகவே இப்பொருள் கடல் கடந்த நாட்டார் விளையாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. தம் எழுத்தைப் பிறர்க்கு அளிக்கும்போதும், பிறர் எழுத்தைத் தாம் எடுத்தாளும்போதும் ஐந்து வினாக்களைக் கேட்டல் நலம். உரிமம் எத்தனை காலத்துக்கு? அதனைத் திரும்பப் பெறக் கொடுத்தவர்க்கு இடமுண்டா? உரிமத்தைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது? எப்பகுதி திறந்தது, எப்பகுதி விலக்கப்பெற்றது? நாம் கொடுப்பதும் நாம் பெறுவதும் ஒரே அளவுகோலால் அளக்கப்பெறுகின்றனவா?

இவற்றுக்கு விடை காணச் சட்டக் கல்வி உதவும். அதற்கு முன்பே, ஓர் அடைமொழி இனத்தைச் சுட்டி வந்ததா, சுட்டாமல் வந்ததா எனக் கேட்கும் பழக்கம் உதவும். அப்பழக்கத்தை நமக்குத் தருவது இலக்கண வகுப்பு. தேர்வுக்காக மனனம் செய்து மறந்துவிடும் நூற்பா என நாம் கருதும் ஒன்று, பலருடைய வாழ்வாதாரத்தைத் தாங்கிநின்ற பத்திரத்தின் குறையைக் காட்ட வல்லதாயின், அதனைக் கற்பதும் கற்பிப்பதும் வீணன்று என்பது துணிபு.